காலில் இல்லை கோளாறு

"ஏல, எந்தக் கால வச்சி மிதிச்ச?"

ஓனர் என் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி இது. வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வண்டியில் இருந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. எந்தக் காலை வைத்து மிதித்தாய் என்றுதான் கேட்டார்.

2022ஆம் வருஷம் ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன். அண்ணன் தென்காசியில் ஓனர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மாதச் சம்பளம், டிரிப்புக்குப் பேட்டா. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஐந்தருவியில் குளிக்க விட்டுவிட்டு, அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதால் ஆரியங்காவுப் பக்கம் பாலருவிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் எஸ் வளைவு. கேரளாவுக்குப் போகிற லாரிகள் மூச்சு வாங்கி ஏறுகிற இடம் அது. அந்த வளைவில் வைத்து வண்டி இழுக்க மறுத்துவிட்டது. இஞ்சின் நிற்கவில்லை. உறுமிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் மிதித்தாலும் சத்தம் கூடவில்லை, வேகம் கூடவில்லை. முன்னால் மஞ்சளாகச் செக் லைட் எரிந்தது. பின்னால் சரக்கு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக் போட்டு, இறங்கி ஓடி லாரிக்காரருக்குக் கைகாட்டி நிறுத்தியிருக்கிறான். பிறகு சாவியை அணைத்துப் போட்டதும் ஒன்றும் நடக்காததுபோல வண்டி ஏறிவிட்டது. வண்டியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தன. அந்தக் குடும்பத்தார் பயந்துபோய், ஊர் திரும்பியதும் ஓனருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி 2138 என்று ஒரு கோடு வந்தது. ஆக்ஸிலேட்டர் பெடல் சென்சார் என்றார்கள். பெடலை மொத்தமாக மாற்றவேண்டும், சாமானும் கூலியும் சேர்த்து 9,000 ரூபாய் என்றார்கள். ஏன் கெட்டது என்று ஓனர் கேட்டதற்கு அங்கே இருந்த பையன் சொன்னானாம்: "ஓட்டுற ஆளப் பொறுத்ததுண்ணே. சிலபேரு முரட்டுத்தனமா மிதிப்பாவ."

அதோடு தீர்ப்பு முடிந்தது. மாதம் 1,500 வீதம் ஆறு மாதம் அண்ணன் சம்பளத்தில் பிடிப்பது என்று ஆனது. அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசிவிட முடியாது. நாங்கள் அருந்ததியர். எங்கள் தாத்தா செருப்புத் தைத்தவர். தோல் கமலை ஓடிய காலத்தில் அதற்கு வால் தைத்துக் கொடுத்தவர். ஊரில் பாதிப்பேர் காலில் கிடந்தது அவர் தைத்த செருப்பு. அதே ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவரும் அவர்தான். காலில் பிறந்தவன் சூத்திரன் என்று எழுதிவைத்தவர்கள் எங்களுக்கு அந்தக் காலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

தாத்தாவிடம் ஒரு பழக்கம் உண்டு. செருப்புக் கடிக்கிறது, நடக்க முடியவில்லை என்று யாராவது வந்தால் உடனே பதில் சொல்லமாட்டார். "கழத்திக் கையில குடுங்க" என்பார். திருப்பிப் பிடித்து அடித்தோலைத் தடவிப் பார்ப்பார். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பெருவிரல் எங்கே அழுத்தியிருக்கிறது, வாரின் தையல் எங்கே இழுபட்டிருக்கிறது, எல்லாம் பார்த்தபிறகுதான் வாயைத் திறப்பார். கோளாறு தையலில் என்றால் என் தப்பு என்று ஒத்துக்கொண்டு காசு வாங்காமல் தைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடம் போகாத மனுஷன். தேய்ந்த இடத்தைப் பார்க்காமல் நடையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய பேரன் காலைப் பற்றி, அடித்தோலையும் பார்க்காமல், வண்டியையும் பார்க்காமல் ஒரு முடிவு சொல்லப்பட்டது. சாதியைச் சொல்லித் திட்டவில்லையே, வண்டிக்கென்ன சாதி என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் நின்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் நடந்தது. உயிர்கள் போயின. கடைசியில் அந்த வருஷமே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை அரசாங்கம் எடுத்துவிட்டது. தகரத்தில் எழுதிய ஒரு பெயருக்கே இவ்வளவு. வண்டிக்கு வெளியே சாதி நிற்கும் என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கம் ஒருதடவை வந்து வாடகைக் கார் ஓட்டிப் பார்க்கட்டும். வண்டி ஆலங்குளம் தாண்டுமுன் பின்சீட்டிலிருந்து கேள்வி வரும்: "தம்பிக்கு எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு?"

* * *

புதுப் பெடல் போட்ட பிறகு வண்டி நன்றாக ஓடியது. "பாத்தியா, பெடல்தான்" என்றார் ஓனர். இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது. ஐப்பசி மழையில், பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம், அதே கோளாறு திரும்ப வந்தது. அதே மஞ்சள் லைட். மிதித்தால் கேட்காத அதே இஞ்சின்.

இந்தத் தடவை ஓனர் கேள்வியே கேட்கவில்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "புதுப் பெடலையும் மிதிச்சி ஒடச்சிட்டாம்லா" என்று நாலுபேர் முன்னால் சொல்லியிருக்கிறார். கார் ஸ்டாண்டில் அது பரவினால் வேறு எவனும் வண்டி கொடுக்கமாட்டான். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணி பீடி சுற்றுகிறாள்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுக்களோடு போய்வந்து அறிக்கை எழுதுகிறவள். மனு எழுதத் தெரியும். பேசத் தெரியும். நேரே ஓனர் வீட்டுக்குப் போய், "எங்க அண்ணன் மேல தப்பு இருந்தா நிரூபிங்க. ஒருநாள் வண்டியத் தாங்க, நாங்களே பாத்துட்டு வாரோம், செலவும் எங்களது" என்றேன். அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே என்றுதானோ என்னவோ, சாவியைக் கொடுத்தார்.

தென்காசியில் ஒரு பாய் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அறுபது வயது இருக்கும். ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டி ரிப்பேர் பார்த்தவர். ரேடியோ போய், டி.வி. வந்து, அதுவும் கையைவிட்டுப் போனபிறகு வண்டி ஒயரிங்குக்கு வந்தவர். நான் போன வேகத்தில் நடந்ததையெல்லாம் கொட்டினேன். ஓனர் என்ன சாதி, ஒர்க்‌ஷாப்காரன் என்ன சாதியாக இருப்பான், எப்படி நம்ம ஆட்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள் என்றெல்லாம். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. வண்டி மடங்கினது மழையிலயா, வெயில்லயா?"

அண்ணன் யோசித்துவிட்டு, "ரெண்டு தடவையும் மழ பாய். மொத தடவ நல்ல சாரல்" என்றான். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

* * *

பாய் வேலை பார்த்ததை நான் கிட்டேயிருந்து பார்த்தேன். எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் டிரைவர்கள்.

முன்னெல்லாம் ஆக்ஸிலேட்டரில் கேபிள் இருக்கும். மிதித்தால் கம்பி இழுக்கும், இஞ்சின் கேட்கும். இப்போது கம்பி கிடையாது. கால் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பெடலில் இருக்கும் சென்சார் மின்சாரமாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. எவ்வளவு டீசல் விடுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. "நம்ம ரேடியோ வால்யூம் திருகு மாதிரிதான் தங்கச்சி" என்றார் பாய். உள்ளே கார்பன் பூசிய ஒரு தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் சின்னத் தகடு. பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரவென்று கேட்குமே, அது அந்தத் தடம் தேய்ந்ததால் வருவது. பெடலிலும் கால் அதிகம் நிற்கிற இடம்தான் முதலில் தேயும். சில வண்டிகளில் உரசலே இல்லாமல் காந்தத்தை வைத்து அளக்கிற ஹால் சென்சார் இருக்கும். அதில் தேய்மானம் கிடையாது. அதை ஓம் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, வோல்ட்தான் பார்க்கவேண்டும்.

இப்படிப்பட்ட சென்சார் ஒரு பெடலில் ஒன்று இருக்காது, இரண்டு இருக்கும். ஒரே காலைப் பற்றி இரண்டும் தனித்தனியாகச் சாட்சி சொல்லவேண்டும். அண்ணன் ஓட்டிய வண்டியில், காலை எடுத்திருக்கும்போது ஒன்று 0.75 வோல்ட் காட்டினால் இன்னொன்று அதில் பாதி, 0.37 காட்டவேண்டும். அடிவரைக்கும் மிதித்தால் ஒன்று 3.8, இன்னொன்று 1.9. வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு மாறும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் இருக்கும். அது பிசகினால் எது பொய் சொல்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் அது இரண்டையும் நம்பாமல் வேகத்தைக் குறைத்து வண்டியை நொண்ட வைக்கிறது. லிம்ப் மோடு என்கிறார்கள். தானாக வேகம் எடுத்து ஆளைக் கொன்றுவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

பி 2138 என்பதற்கு அர்த்தமே, இரண்டு சாட்சியும் ஒத்துப்போகவில்லை என்பதுதான். பெடல் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. மிதித்தவன் முரடன் என்றும் சொல்லவில்லை. "கோடுங்கறது புகார் மனு மாதிரி. அத வச்சி விசாரிக்கணும். இவங்க மனுவையே தீர்ப்பா வாசிச்சிட்டாங்க" என்றார் பாய். எனக்குச் சுருக்கென்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொடுத்த புகாரை விசாரிக்காமலே, பொருண்மைப் பிழை என்று எழுதி மூடிய கோப்புகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இங்கே விசாரிக்காமல் தண்டனை. அங்கே விசாரிக்காமல் தள்ளுபடி. நடுவில் விடுபட்டுப்போனது இரண்டிலும் ஒன்றுதான்.

பாய் முதலில் காலடி மேட்டை இழுத்து வெளியே போட்டார். பெடலுக்கு அடியில் மேட் சிக்கியிருந்தாலே பாதிப் பிரச்சினை வரும் என்றார். பிறகு பேட்டரி வோல்ட் பார்த்தார். பிறகு பெடலின் மேலே இருக்கும் கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி மீட்டரை வைத்தார். "ஏன் கழத்தாமப் பாக்கீங்க?" என்று கேட்டேன். "கழத்தினா சாட்சி கலைஞ்சிரும்" என்றார். சாவி ஆன், இஞ்சின் ஆஃப்.

ஆறு ஒயர். இரண்டு சென்சாருக்கும் தனித்தனியாக ஐந்து வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சப்ளை இரண்டிலும் சரியாக வந்தது. முதல் சிக்னல் 0.75, சரி. இரண்டாவது 0.37 இருக்கவேண்டிய இடத்தில் 0.65 காட்டியது. அண்ணன் உட்கார்ந்து கையால் பெடலை மெதுவாக அமுக்க, எண் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. தடம் தேய்ந்திருந்தால் நடுவில் எங்காவது குதிக்கும். புதுப் பெடல், அதில் ஒன்றுமில்லை. அடுத்து பாய் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இரண்டாம் சென்சாரின் எர்த்திலும் வைத்தார். கிட்டத்தட்ட சுழியாக இருக்கவேண்டும். 0.3 வோல்ட் நின்றது. கப்ளரை லேசாக அசைத்தார். எண் கீழே போய் மேலே வந்தது.

"உங்க அண்ணன் காலு நல்ல காலு" என்றார் பாய்.

அதற்குப் பிறகுதான் கப்ளரைக் கழற்றினார். ஒயர் பக்கத்தில் ஒரே ஒரு பின் பச்சை பூத்திருந்தது. களிம்பு. எர்த் ஒழுங்காகப் போகாததால் அந்தச் சென்சாரின் சொல் மட்டும் உயர்ந்து நின்றிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பெடலை மாற்றியபோது கப்ளரைக் கழற்றி மாட்டிய உரசலில் களிம்பு கொஞ்சம் விலகி இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. அதைத்தான் பெடல் சரியானது என்று எல்லோரும் நினைத்தார்கள். கழற்றிய பழைய பெடலில் ஒன்றும் இருந்திருக்காது. அது எந்தக் காயலான் கடைக்குப் போனதோ.

அங்கே தண்ணீர் எப்படி வந்தது? பாய் பானெட்டைத் தூக்கி, வைப்பருக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். கைநிறைய மக்கிய இலை. தண்ணீர் வெளியே போகிற ஓட்டை அடைத்துப்போய், சாரல் தண்ணீர் தேங்கி, ஒயர் உள்ளே நுழைகிற ரப்பர் வழியாகக் கசிந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே கப்ளருக்கு இறங்கியிருக்கிறது. இலை எங்கே விழுந்தது என்று அண்ணனுக்குத் தெரியும். ஐந்தருவிப் பக்கம் மரத்தடியில். சீசனில் பார்ட்டி லாட்ஜில் தூங்கும்போது டிரைவருக்கு ரூம் கிடையாது. இரவு முழுக்க வண்டியிலேயே, மரத்தடியிலேயே கிடப்பான். அந்த வண்டிதான் அவனுக்குப் படுக்கை. கோளாறு அங்கேதான் பிறந்திருக்கிறது.

பின்னை மாற்றி, ரப்பரை அடைத்து, இலையை வாரிப்போட்டு, மறுபடி அளந்து காட்டினார். 0.75, 0.37. கூலி 350 ரூபாய்.

* * *

ஓட்டுகிறவன் ஒருபோதும் தப்பே செய்யமாட்டான் என்று நான் வாதாட வரவில்லை. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009, 2010 வாக்கில் டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுக்கின்றன என்று பெரிய புகார் கிளம்பியது. மேட்டில் சிக்கும் பெடல், ஒட்டிக்கொள்ளும் பெடல் என்று லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கம்ப்யூட்டரிலேயே கோளாறா என்று பார்க்க ராக்கெட் விடுகிற நாசாவின் இஞ்சினியர்களைக் கூப்பிட்டு, மாதக்கணக்கில் சோதித்து, 2011 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டார்கள். ஆபத்தான அளவுக்கு வேகமெடுக்க வைக்கும் மின்னணுக் கோளாறு எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றது அறிக்கை. ஆனால் சில பெடல் சென்சார்களுக்குள் முடியைவிட மெல்லிய தகர இழைகள் முளைத்திருந்ததையும் கண்டு எழுதினார்கள். பெடல் கோளாறுகள் பற்றி ஜனங்களை ஏமாற்றும்படி பேசியதற்காக 2014 மார்ச்சில் அந்தக் கம்பெனி 120 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. அங்கே சில ஓட்டுநர்கள் மீதும் பழி விழத்தான் செய்தது. என்றாலும் முடிவு சொல்லுமுன் ஒருவன் உட்கார்ந்து அளந்தான். எஸ் வளைவில் நின்ற என் அண்ணனுக்கு நாசா வேண்டாம். முன்னூறு ரூபாய் மீட்டர் போதும். அதைக்கூட யாரும் கையில் எடுக்கவில்லை. ஆளைப் பார்த்ததும் கோளாறு தெரிந்துவிட்டது அவர்களுக்கு.

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். "முரட்டுத்தனமா மிதிப்பாவ" என்று சொன்ன ஒர்க்‌ஷாப் பையனை நான் ஆதிக்கச் சாதிக்காரன் என்றே முடிவு செய்து, பாயிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது அண்ணன் சொன்னான்: "ஏ பிள்ள, அவன் நம்ம பய. நம்ம சொந்தக்காரத் தெருதான். கோளாறு தெரியலண்ணு சொன்னா அவன் வேல போயிரும். ஓனரப் பாத்து என்ன சொல்லமுடியும் அவன்?" எனக்கு வாயடைத்துப்போனது. நானும் அளக்காமல்தான் பேசியிருக்கிறேன். அந்தப் பையனுக்கு அப்படிப் பேசத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அவனைப் பார்க்காமலே அவன் யார் என்று நான் எழுதிவிட்டேன். உண்மை அறியும் குழுவில் போகிறவள் நான்.

பாயிடம் எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கினோம். சரிசெய்யுமுன் என்ன, சரிசெய்தபின் என்ன என்று. அந்தத் தாளையும் பச்சை பூத்த பின்னையும் ஒரு காகிதத்தில் மடித்து ஓனரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். "சரி சரி, வண்டி ஓடுதுல்லா. திங்கக்கெழம வரச்சொல்லு" என்றார். மீதி மாதங்களுக்குப் பிடிக்கவில்லை. பிடித்த 3,000 ரூபாயைத் திருப்பித் தரவுமில்லை. நாலுபேர் முன்னால் சொன்னதை நாலுபேர் முன்னால் திருப்பி எடுக்கவுமில்லை. கேட்டால், "அதப் போயி இன்னும் பேசிக்கிட்டு" என்கிறார்.

அண்ணன் அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. வேறு ஒருவரிடம் வண்டி ஓட்டுகிறான். டேஷ்போர்டுக்குள் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறான். ஸ்டாண்டில் யார் வண்டியாவது மடங்கி, டிரைவர் தலையில் பழி விழும்போது அவனைக் கூப்பிடுகிறார்கள். போய் நின்று முதலில் கேட்கிறானாம்: "மழையிலயா, வெயில்லயா?"

அந்த 3,000 ரூபாய்க்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். பாய் கொடுத்த தாளின் நகலும் அதோடு இருக்கிறது.